ஊட்டிக் குளிருக்கு ரூம் ஹீட்டர்... சூடாவது அறையா, பிளக் பாயின்ட்டா?

கரி அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹீட்டர் வாங்கியாயிற்று, இனி பயமில்லை என்று நினைக்கிறீர்களா? ஒரு நிமிடம் சுவரைப் பாருங்கள்!

ஜனவரி மாத ஊட்டியில் மாலை 6 மணிக்கு மேல் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் ஸ்வெட்டர் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறும். விடிகாலையில் தலைகுந்தா புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் தீ மூட்டிச் சுற்றி நின்று குளிர் காய்வார்கள். அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகள் பனியில் கருகாமல் இருக்க மிலார் செடிகளை வைத்து மூடிவிடுவார்கள்.

செடிக்கே போர்வை தேவைப்படும் ஊரில், வீட்டில் இருக்கும் 75 வயது பாட்டிக்கும் ஆறு மாதக் குழந்தைக்கும் என்ன செய்வது?

ஒரு காலத்தில் இதற்கு ஒரே பதில் கரி அடுப்பு. இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, வாசலில் வைத்துப் புகை அடங்கும்வரை காத்திருந்து, கனன்றதும் அறைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். இன்று பல வீடுகளில் அந்த இடத்தில் ரூம் ஹீட்டர் வந்துவிட்டது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலை ஊர்களில் குளிர்காலத்துக்கு இது கட்டாயத் தேவையாகவே ஆகிவிட்டது.

நல்ல மாற்றம்தான். ஆனால், ஆபத்து வீட்டை விட்டு முழுதாக வெளியே போய்விடவில்லை. அறையின் நடுவில் இருந்தது, சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

கரி அடுப்பு ஏன் வேண்டவே வேண்டாம்?

குளிர்காலம் வந்தால் மலை ஊர்களில் இருந்து ஒரே மாதிரியான செய்தி அவ்வப்போது வரும். கதவு, ஜன்னலை அடைத்து, உள்ளே கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் 2 பேர், கரி அடுப்பு இருந்த அறையில் தூங்கியபோது இறந்துபோனார்கள்.

காரணம், கார்பன் மோனாக்சைடு. கரி எரியும்போது வெளிவரும் இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு இடமில்லை. முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, அசதி. தூக்கத்தில் இருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது.

'புகை அடங்கிவிட்டது, கங்குதானே இருக்கிறது' என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கண்ணை எரிக்கும் புகை அடங்கினாலும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அறைக்குள் யாருக்காவது திடீரென்று தலை சுற்றினால் முதலில் வெளிக்காற்றுக்கு அழைத்து வாருங்கள். அடுத்து 108.

கரி மூட்டுபவர்கள் எல்லாரும் அறியாமையால் மூட்டுவதில்லை. ஹீட்டர் வாங்கவும், அதற்குக் கரன்ட் பில் கட்டவும் முடியாத வீடுகள் மலையில் நிறைய உண்டு. அவர்களுக்கான வழி இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் இருக்கிறது.

ஹீட்டர் ஆக்சிஜனைக் குடித்துவிடுமா?

இல்லை. 'ஹீட்டர் போட்டால் மூச்சு முட்டும், ஆக்சிஜன் குறைந்துவிடும்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. கம்பி சூடாகிறது, அவ்வளவுதான். அதனால் ஆக்சிஜன் செலவாகாது, கார்பன் மோனாக்சைடும் வராது.

மூக்கும் தொண்டையும் வறண்டுபோவது உண்மைதான். காற்று சூடாகும்போது அதன் ஈரப்பத விகிதம் குறைகிறது. உதடு வெடிப்பதும் கண் எரிவதும் அதனால்தான். அறையில் ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் ஓரளவு பலன் கிடைக்கும். அந்தப் பாத்திரம் ஹீட்டருக்கும் வயருக்கும் எட்டாத மூலையில் இருக்க வேண்டும். ஹீட்டர் மேலேயே சொம்பு வைப்பது கூடவே கூடாது.

ஒரே பிளக்கில் 100 டியூப்லைட்!

ரூம் ஹீட்டர்களில் பெரும்பாலானவை 2,000 வாட்ஸ். இந்த எண்ணின் எடை பலருக்குத் தெரிவதில்லை. 20 வாட்ஸ் எல்.இ.டி டியூப்லைட் 100-ஐ ஒரே பிளக்கில் மாட்டி, ஒரே நேரத்தில் எரியவிடுவதற்குச் சமம் அது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2,000 வாட்ஸ் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டம் சுமார் 8.7 ஆம்பியர். டி.வி, மொபைல் சார்ஜர் மாட்டும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. கீஸர், ஏ.சி மாட்டும் பெரிய ஓட்டை உள்ள பவர் பிளக் 16 ஆம்பியருக்கானது. ஹீட்டரின் இடம் பவர் பிளக் மட்டும்தான்.

இப்போது இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். 30 வருடங்களுக்கு முன் கட்டிய வீடு. பவர் பிளக் சமையலறையில் ஒன்று, பாத்ரூம் கீஸருக்கு ஒன்று. படுக்கையறையில் இருப்பது சின்ன பிளக் மட்டும். பாட்டிக்குக் குளிர் தாங்கவில்லை என்று மகன் ஹீட்டர் வாங்கி வருகிறார். பெரிய பின் உள்ளே போகவில்லை. உடனே கடையில் ஒரு கன்வெர்ட்டர் பிளக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கி வருகிறார். வயர் காலில் தட்டக் கூடாதே என்று கட்டிலுக்கு அடியில் விட்டு, மேலே பாயை விரித்துவிடுகிறார்.

முதல் நாள் ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்னையே. 'இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடியது' என்ற தைரியம் வந்துவிடுகிறது. ஆனால், தினமும் சூடாகி ஆறுவதால் பிளக்கின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தளர்ந்த இடத்தில் சூடு கூடும். சூடு கூடினால் இன்னும் தளரும். ஒருநாள் பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். பக்கத்தில் மெத்தை, போர்வை, பாய்!

எம்.சி.பி இருக்கிறதே, விழாதா?

பலரும் நம்புவது இதைத்தான். எம்.சி.பி என்பது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தையும் ஷார்ட் சர்க்யூட்டையும் கண்டுபிடிக்கும். தளர்ந்த பிளக்கில் மின்னோட்டம் கூடுவதில்லை, அதே 8.7 ஆம்பியர்தான் ஓடுகிறது. அந்த ஒரு புள்ளியில் மட்டும் சூடு ஏறுகிறது. அதை எம்.சி.பி அறியாது. மின்கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி உயிர்காக்கும் கருவி, எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். ஆனால், அதுவும் இந்தச் சூட்டைக் கண்டுபிடிக்காது.

கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான். வழி மிக எளிது. ஹீட்டர் அரை மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணையுங்கள். கை ஈரமில்லாமல் இருக்கட்டும். பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த பாயின்ட்டில் இனி ஹீட்டர் போடக் கூடாது.

இவற்றில் எது இருந்தாலும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்:

* பிளக்கோ சுவிட்ச் பலகையோ பழுப்பு நிறமாகியிருப்பது
* பிளாஸ்டிக் கருகும் வாசனை அல்லது மீன் வாடை
* சரசரவென்ற சத்தம், சுவிட்ச் போடும்போது பெரிய பொறி
* பின் செருகினால் இறுக்கமாக நிற்காமல் ஆடுவது
* ஹீட்டர் போட்டதும் லைட் மங்குவது

படுக்கையறைக்குத் தனி வயர் இழுத்து, தனி எம்.சி.பி கொடுத்து, எர்த்துடன் ஒரு பவர் பிளக் போடச் சொல்லுங்கள். ஹீட்டர் வாங்கும் செலவோடு இதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். உடனடியாக முடியாது என்றால், 1,000 வாட்ஸ் நிலையில் மட்டும் ஓட்டுங்கள், அதையும் பவர் பிளக்கில்தான். மின்னோட்டம் பாதியானால், இணைப்பில் உண்டாகும் சூடு நாலில் ஒரு பங்காகக் குறையும்.

இன்வெர்ட்டர் லைனில் ஹீட்டர் மாட்டவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும் சுமை அல்ல அது.

எந்த ஹீட்டர் யாருக்கு?

'ஆயில் ஹீட்டர் கரன்ட்டை மிச்சப்படுத்தும்' என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் எல்லா ஹீட்டர்களும் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதையும் சூடாகவே மாற்றுகின்றன. 2,000 வாட்ஸ் என்றால் எந்த வகையாக இருந்தாலும் சூடு ஒன்றுதான். அந்தச் சூட்டை எப்படித் தருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஃபேன் ஹீட்டர்: விலை குறைவு. உடனே சூடான காற்று வரும். அணைத்ததும் குளிர் திரும்பிவிடும். சத்தம் உண்டு. காலையில் குழந்தைக்கு உடை மாற்றும் பத்து நிமிடத்துக்கு இது போதும்.

குவார்ட்ஸ், ஹாலோஜன் ஹீட்டர்: சிவப்பாக ஒளிரும். எதிரில் இருப்பவரை நேரடியாகச் சூடாக்கும். ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யவோ படிக்கவோ சரி. கம்பியின் சூடு மிக அதிகம் என்பதால் துணி பட்டால் தீப்பிடிக்கும். ஓடியாடும் குழந்தைகள், பூனை, நாய் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதல்ல.

ஆயில் ஹீட்டர்: பட்டை பட்டையாக நிற்கும் ரேடியேட்டர் வகை. விலை அதிகம், எடையும் அதிகம். சூடாக நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு தரும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, தீர்ந்துபோவதும் இல்லை. வயதானவர்கள் இருக்கும் மூடிய படுக்கையறைக்கு மற்றவற்றைவிட இது நல்லது. ஆனாலும் தொட்டால் சுடும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அதிகம் சூடானால் தானே அணையும் வசதி, கவிழ்ந்தால் அணைந்துவிடும் வசதி, மூன்று பின் உள்ள பிளக் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஓடவிட்டு, லேசாகச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றடி வட்டம்

ஹீட்டரைச் சுற்றி மூன்றடிக்கு எதுவும் இருக்கக் கூடாது. கட்டில், திரைச்சீலை, செய்தித்தாள், சோபா எதுவும். தரையில், சமமான இடத்தில் வையுங்கள். ஸ்டூல் மேல், மெத்தை மேல், தடிமனான கம்பளத்தின் மேல் வேண்டாம். பாத்ரூமுக்குள் கொண்டுபோகவே கூடாது.

மலை வீடுகளில் இந்த வட்டத்தைத் தாண்டி உள்ளே வருவது ஒன்றே ஒன்று. ஈரத்துணி! நாலு நாள் வெயில் தலைகாட்டாத ஊரில் பள்ளிச் சீருடையும் சாக்ஸும் காயவே காயாது. நாளைக் காலை 8 மணிக்குப் பிள்ளை பள்ளிக்குப் போயாக வேண்டும். சூடாக ஒரு ஹீட்டர் இருக்கும்போது அதன்மேல் போட்டால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். துணி மூடினால் சூடு வெளியேற வழியில்லாமல் ஹீட்டர் கொதிக்கும். காய்ந்த சாக்ஸ் நழுவிக் கம்பியில் விழுந்தால் அடுத்த நொடி தீ. துணி காய வேண்டும் என்றால் அதே அறையில் மூன்றடிக்கு அப்பால் கொடியில் போடுங்கள். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் காயும்.

சேலை முந்தானை, சால்வை, நைட்டி ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். ஹீட்டரைத் தாண்டிப் போகும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது.

பாட்டியின் கால், குழந்தையின் தொட்டில்

வயதானவர்கள் ஹீட்டருக்கு மிக அருகில் காலை நீட்டி உட்காருவது வழக்கம். அவர்களுக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண் லேசில் ஆறாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் நாற்காலி மூன்றடிக்கு உள்ளே வராமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். காலுக்கு சாக்ஸும் கம்பளியும் போதும்.

குழந்தைகளுக்கோ பெரியவர்களைப்போலத் தங்கள் உடல் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது. குல்லா, ஸ்வெட்டர், இரண்டு போர்வை, கூடவே ஹீட்டர் என்றால் அது அக்கறை அல்ல, அளவு மீறல். குழந்தையின் கழுத்தின் பின்புறமும் நெஞ்சும் வியர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள். தொட்டிலை ஹீட்டரின் காற்று நேராகப் படாத பக்கம் மாற்றுங்கள்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தபட்சம் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூட வைக்கலாம். அறையைச் சென்னை மே மாதமாக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரவு முழுக்க ஓடலாமா?

கூடாது. பிளக் உருகும் வாசனையை விழித்திருப்பவர்தான் உணர முடியும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்குங்கள். கதவின் அடி இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள், கனமான திரையை இழுத்து மூடுங்கள், வெறும் தரையில் பாய் விரியுங்கள். மின்சார ஹீட்டர் என்பதால் இப்படி அடைத்தாலும் பயமில்லை. அறைக்குள் கரியோ கேஸ் அடுப்போ எரிகிறது என்றால் மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது.

படுக்கும்போது ஹீட்டரை அணைத்து பிளக்கை உருவி விடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாதா? கரன்ட் போன நேரத்தில் சுவிட்ச் போட்டபடியே தூங்கிவிடுவது அல்லது வெளியே கிளம்பிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். கரன்ட் வந்ததும் திருகு வகை ஹீட்டர் தானே ஓட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பிளக் வெளியே இருந்தால் அந்தக் கவலை இல்லை.

தூங்கும் நேரத்துச் சூட்டைப் போர்வையிடம் விடலாம். அடுக்கடுக்காக இரண்டு மெல்லிய கம்பளி, ஒரு கனமான கம்பளியைவிட நன்றாகச் சூட்டைப் பிடிக்கும். காலடியில், துணி சுற்றிய ஹாட் வாட்டர் பேக். ஹீட்டர் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும், கரி அடுப்பைவிட நூறு மடங்கு நல்ல துணை இதுதான். எல்லாரும் ஒரே அறையில் படுத்து, மற்ற அறைகளை அடைத்துவிட்டால் அதுவே பாதிக் குளிரைத் தடுக்கும்.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

2,000 வாட்ஸ் ஹீட்டர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 2 யூனிட். தினமும் 4 மணி நேரம் என்றால் 8 யூனிட். 60 நாளைக்கு 480 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கீட்டில் வழங்கப்பட்ட 100 யூனிட் இலவச மின்சாரத்தை, ஹீட்டர் மட்டுமே 13 நாளில் தீர்த்துவிடும். யூனிட் கூடக் கூட, ஸ்லாப் மாறி ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டை அளவாக வைத்தால் ஹீட்டர் விட்டுவிட்டுத்தான் ஓடும், யூனிட் குறையும். இரவு முழுக்க ஓட்டாமல் படுக்கும் முன் ஒரு மணி நேரம், காலையில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 60 நாளைக்கு 180 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பாதுகாப்புக்காகச் செய்யும் அதே வேலை, பில்லையும் பாதிக்குக் கீழே கொண்டுவருகிறது.

புகை வந்தால்...

பிளக்கில் புகையோ பொறியோ தெரிந்தால் அதைத் தொட்டு உருவப் போகாதீர்கள். நேராக மெயின் சுவிட்சுக்குப் போய் அணையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ பரவுகிறது என்றால் எல்லாரையும் வெளியே கூட்டி வந்துவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாட்டிக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இன்றே காட்டி வையுங்கள்.

சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கும் அறை குளிர்ந்தால் கூடுதல் கம்பளியோ ஹீட்டரோ கேளுங்கள். வெளியே சிக்கன் சுட்ட கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். அறையில் இருக்கும் ஹீட்டர் எந்த பிளக்கில் மாட்டியிருக்கிறது என்றும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

இன்று இரவு உங்கள் வீட்டில் ஹீட்டர் ஓடுமானால், அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். அது கொதித்தால், ஹீட்டரை எடுத்து வைத்துவிட்டுப் பாட்டிக்கு இன்னொரு கம்பளி போர்த்திவிடுங்கள். காலையில் முதல் வேலையாக எலெக்ட்ரீஷியனுக்கு போன் செய்யுங்கள்.